மாமா வழியாக ஒரு வாக்குவாதம்

அக்கா வீட்டு சோபாவின் இரு முனைகளில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மாமா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் விண்வெளிப் படங்களைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். “படமெல்லாம் சும்மா மாமா. கேம்தான் நிஜம். செவ்வாய் கிரகத்துல நாமளே ஊர் கட்டலாம்” என்கிறான் தம்பி, மாமாவின் முகத்தை மட்டும் பார்த்தபடி. “கேம்ல செத்தா திரும்ப ஆரம்பிச்சுக்கலாம். படத்துல செத்தா செத்ததுதான். அவன்கிட்ட சொல்லுங்க” என்கிறான் அண்ணன், அவனும் மாமாவிடமே. மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் சுவரில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. தம்பியின் காது சிவக்கிறது. “அந்த ஊரை முழுசாக் கட்டிப் பார்த்தவங்க பேசட்டும் மாமா.” மாமா வாய் திறப்பதற்குள் அண்ணன் சட்டென்று திரும்புகிறான். “கேம்ல நாம சேர்ந்து கட்டின ஊரைப் பாதியில விட்டுட்டுப் போனது நீதானேடா?” துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நிற்கிறது. தம்பி இப்போதுதான் அண்ணனை நேராகப் பார்க்கிறான். “அழிக்கலைண்ணே. அப்படியேதான் வச்சிருக்கேன்.”