கறுப்பு மோலே

"அந்த மெனுவை மூடு பிள்ளை. கறுப்பு மோலே இருக்கோ எண்டு கேள்."

லக்சிகா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். புது வேலை கிடைத்த சந்தோசத்தில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் இந்த மெக்சிக்கோ உணவகத்துக்கு அவள்தான் அவரை அழைத்து வந்திருந்தாள். இரத்தினம் இருபத்தைந்து வருடமாக பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்பவர். வெளியே சாப்பிடுவதென்றால் கொத்துரொட்டியைத் தாண்டாதவர்.

"அது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ அப்பா?"

"ஓம். கோழிக்கு மேலை ஊத்துற குழம்பு. மெக்சிக்கோவிலை ஒஹாக்காப் பக்கத்துச் சாப்பாடு. மிளகாயைக் கருகக் கருக வறுக்க வேணும். வறுக்கேக்கை தெருவே இருமும். பிறகு எள்ளு, கறுவா, வாழைப்பழம், கடைசியாச் சொக்லேற்."

ஓடர் எடுக்க நின்ற பெண்ணுக்கு ஒஹாக்கா என்ற ஒரு சொல்தான் விளங்கியது. அது போதுமாக இருந்தது.

"அது என்னுடைய ஊர். உங்களுக்குத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இரத்தினமும் பிரெஞ்சில் பதில் சொன்னார். "சந்தைக்குப் பின்னால் ஒரு சரிவான தெரு. நீலக் கதவு போட்ட வீடு. மேலே தகரம். மழை பெய்தால் பேசுவது ஒன்றும் கேட்காது."

அந்தப் பெண் ஓடர் எழுதும் கொப்பியை மூடினாள். பிறகு தானே சமையலறைக்குள் போனாள்.

உள்ளேயிருந்து வறுத்த மிளகாயின் வாசம் மெல்ல மெல்ல வந்து மேசையைச் சூழ்ந்தது. இரத்தினம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் தமிழ்ச் சனம் பைகளுடன் போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணில் அந்தத் தெரு இல்லை.

"இது எப்ப நடந்தது?" லக்சிகா மெதுவாகக் கேட்டாள்.

"நீ பிறந்த வருசம். ஏழு மாசம்."

"ஏழு மாசமோ?"

"அந்த வீட்டு மனுசி விடிய எழும்பிச் சோளரொட்டி சுடும். சுடச்சுட ஒண்டை எடுத்து, உப்புத் தூவிக் கையிலை தரும். அதுவே போதுமாம், கறி தேவையில்லை. பின்னேரத்திலை மலையெல்லாம் ஊதா நிறமாகும். முற்றத்துக் கழுதை அதைப் பாத்துக்கொண்டு நிக்கும்."

லக்சிகாவின் முகம் மாறியது.

"நான் பிறக்கேக்கை நீங்கள் ஆஸ்பத்திரியிலை நிண்டதெண்டு அம்மா சொன்னவா. என்னை முதல் தூக்கினது நீங்கள் எண்டு."

சாப்பாடு வந்தது. அகலத் தட்டில் மைபோலக் கறுத்துப் பளபளத்த குழம்பு. மேலே எள். இரத்தினம் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

கோபம் வந்தால் லக்சிகாவுக்குத் தமிழ் வராது. பிரெஞ்சில் கேட்டாள். "ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? அம்மாவும் சேர்ந்தா பொய் சொன்னார்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மிக மெதுவாக மென்றார். அவசரப்பட்டால் ஏதோ கலைந்துவிடும் என்பதுபோல.

"பிறகு என்ன நடந்தது? அதையாவது சொல்லுங்கள்."

"பிறகு ஒருநாள் அமெரிக்க எல்லைக்கு வெளிக்கிட்டது" என்றார் தமிழில். "அண்டைக்கும் அந்த மனுசி மோலே செய்து குடுத்துத்தான் விட்டது."

பரிமாறிய பெண் பக்கத்தில் வந்து நின்றாள். தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சொல்லுங்கள் ஐயா. அங்கே சாப்பிட்ட அதே ருசிதானா?"

இரத்தினம் கண்ணைத் திறந்தார். இமைகள் நனைந்திருந்தன.

"தெரியாது அம்மா. நான் இன்றைக்குத்தான் முதல் தடவை சாப்பிடுகிறேன்."

அந்தப் பெண் லக்சிகாவைப் பார்த்தாள். லக்சிகா அப்பாவைப் பார்த்தாள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை முதல் தூக்கினது நான்தான் பிள்ளை. நான் பிரான்சை விட்டு ஒரு இடமும் போகேல்லை. அங்கை இருந்தது நீ காணாத உன்ரை சித்தப்பா. ஞாயிறு ஞாயிறு போன் எடுத்து, என்ன சாப்பிட்டவன் எண்டு மட்டும்தான் சொல்லுவான். எல்லைக்கு வெளிக்கிட்ட பிறகு எடுக்கவே இல்லை."