அணைச்சாச்சு

"அப்பா, ஹீட்டரை அணைங்க!"

"அணைச்சாச்சு," என்றார் கண்டக்டர், நாற்காலியைவிட்டு இம்மியும் அசையாமல்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குரல் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. காது கொஞ்சம் மந்தம். அதனால் டிவி முழுச் சத்தத்தில் ஓடும், போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும்.

வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்த ஒரு வருடமாக இதே கூத்துதான். எவ்வளவு கரண்ட் ஓடியது என்ற ஒரே ஓர் எண்ணை, இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, கால் மணிக்கு ஒரு தடவை அது மின்சார ஆபீசுக்கு அனுப்பும். வெளியூரில் இருக்கும் மகன் அதைத் தன் போனில் பார்ப்பான். எண் திடீரென எகிறினால் ஹீட்டர் என்று அர்த்தம். உடனே அப்பாவைக் கூப்பிடுவான்.

"ஏன்டா, நான் குளிக்கிறதுகூட உனக்குத் தெரியணுமா? மனுஷனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு வேணாமா?" என்று கண்டக்டர் கத்துவார், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. மீட்டர் மகனிடம் மட்டும் சொன்ன ரகசியம் இப்படித்தான் மொத்த மாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த மீட்டர்மேல் அவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. இவர் குறட்டை விடும் நேரத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்னும். பச்சைத் தண்ணீரில் குளித்த அன்று ஹீட்டர் என்னும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "அணைச்சாச்சு" என்று புளுகினால், கொஞ்ச நேரத்தில் "ஆமாப்பா, குறைஞ்சிடுச்சு, தேங்க்ஸ்" என்று மகனிடமிருந்து செய்தி வந்துவிடும்.

"இதுக்குப் பேரு ஸ்மார்ட்டாம்!" என்று பக்கத்து வீட்டு டெய்லரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். டெய்லர் தனிக்கட்டை, அதிர்ந்து பேசாதவர். அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார்.

அன்றைக்கு என்னவோ, போன் மறுபடியும் அடித்தது.

"அப்பா, இன்னும் ஓடுது. நீங்க அணைக்கவே இல்ல."

"அதான் அணைச்சாச்சுன்னு சொன்னேனே!"

"புளுகாதீங்க. இவ்வளவு நேரமா ஓடினா எங்கயாவது பத்திக்கப் போகுது. எனக்குப் பயமா இருக்கு. எழுந்து போய்ப் பாருங்கப்பா, ப்ளீஸ்."

முதல் முறையாக எழுந்து போய்ப் பார்த்தார். ஹீட்டர் அணைந்துதான் இருந்தது. வந்ததே கோபம்!

"லைன்லயே இருடா. உன் மீட்டரோட மானத்தை இப்ப வாங்கறேன்."

மெயின் சுவிட்சையே இறக்கினார். டிவி வாயை மூடியது. போனும் கையுமாக, படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் பலகைக்கு இறங்கினார். கரண்ட் ஓடினால் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். அவருடைய வீட்டில் இப்போது ஒரு குண்டூசிக்குக்கூடக் கரண்ட் இல்லை. அவர் மீட்டரோ, கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவன் நெஞ்சு மாதிரி படபடத்தது. பக்கத்தில் டெய்லர் வீட்டு மீட்டர் கண்ணை மூடிக் கிடந்தது.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"டேய்... மாட்டும்போதே வயரை மாத்திக் கொடுத்துட்டானுங்கடா. நீ இத்தனை நாளா பார்த்தது டெய்லர் வீட்டுக் கரண்டு!"

"அப்ப அந்த ஹீட்டர்..."

"அவரை இன்னைக்கு வெளியவே காணோம்டா."

மாடிக்கு ஓடினார். டிவி அடங்கியதால்தான் இப்போது கேட்டது: டெய்லர் வீட்டுக்குள் தண்ணீர் விடாமல் கொட்டும் சத்தம். கூட்டத்தைப் பஸ்ஸுக்குள் தள்ளித் தள்ளிப் பழகிய தோள். இரண்டே இடியில் தாழ்ப்பாள் கையில் வந்தது. குளியலறைத் தரையில் டெய்லர் இடுப்பு ஒடிந்து கிடந்தார். பக்கத்தில் வெந்நீர்க் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"கத்திப் பார்த்தேண்ணே," என்றார் டெய்லர் மெல்ல. "உங்க டிவி ஜெயிச்சிடுச்சு."

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய பிறகு, வயரைச் சரி செய்ய லைன்மேன் வந்தார். கண்டக்டர் வீட்டுக் கூடத்தில் டெய்லர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் வழக்கம்போல ஸ்பீக்கரில் இருந்தது.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"உன் புண்ணியத்துல உட்கார்ந்திருக்கேன் தம்பி. நீ நல்லா இருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு லைன்மேன் பக்கம் திரும்பினார். "ஐயா, வயரை மாத்தித்தான் ஆகணுமா? இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"அதெப்படி? உங்க வீட்டு விவரம் வேற ஒருத்தருக்குப் போறது தப்பு சார்."

"நான் புகார் சொன்னாத்தானே தப்பு?"

"என்ன டெய்லரே பேசறீங்க!" கண்டக்டர் பதறினார். "ஏதோ குழாயை மூடறதுக்கு முன்னாடி விழுந்தீங்க. வெந்நீர் வெளிய ஓட ஓட ஹீட்டரும் நிக்காம ஓடிச்சு, இவன் போன் பண்ணினான், பிழைச்சீங்க. அந்த மீட்டரைத் திட்டின வாயாலேயே தினமும் அதுக்கு நன்றி சொல்லிட்டு இருக்கேன். ஆனா அதெல்லாம் அதிர்ஷ்டம். எல்லா நாளும் வாய்க்குமா?"

டெய்லர் கூச்சத்தோடு சிரித்தார்.

"விழுந்தப்ப குழாய் மூடித்தாண்ணே இருந்துச்சு. ஒரு வருஷமா, சுவருக்கு இந்தப் பக்கம் போன்ல தம்பி சத்தம் போடறப்பல்லாம், அங்க எழுந்து போய் ஹீட்டரை அணைச்சது நான்தானே? அதான் அன்னைக்கு, அவன் கூப்பிடட்டும்னு, படுத்தபடியே கையை நீட்டி நானே திறந்துவிட்டேன்."