கடைசி சீட்டில் நோன்பு

சின்னசேலம் போகும் பேருந்தின் கடைசி சீட்டில் கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலைமேல் வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. நடுவில் இருப்பவன் அமீர். அவனுக்கு நோன்பு. அதனால் மற்ற நால்வரும் காலையிலிருந்து அவனெதிரில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கரும்புச் சாறு வாங்கிய ஒருவனை, பக்கத்தில் இருக்கும் அய்யனார்தான் தூரப் போய்க் குடிக்கச் சொல்லி விரட்டினான். அதே அய்யனார் இப்போது புகையிலைப் பாக்கெட்டைப் பிரிக்கிறான். நகத்தளவு வெள்ளைப் பொட்டணங்கள் ஆளுக்கொன்றாகக் கைமாறி வருகின்றன. அமீருக்கும் ஒன்றை நீட்டுகிறான். “இத இன்னா முழுங்கவாடா போற? உதட்டுல வெச்சிக்கினு துப்பிடப் போற. நோன்புக்கு ஒண்ணும் ஆவாது.” துப்பினாலும் நோன்பு முறியும் என்று அமீருக்குத் தெரியும். நான்கு முகங்களும் அன்பாகத்தான் பார்க்கின்றன. அவன் கீழுதட்டை இழுத்து, உள்ளே வெள்ளையாகத் தடித்திருக்கும் பழைய இடத்திலேயே அதை வைக்கிறான். கொஞ்சம் எரிகிறது. பிறகு உதடு மரத்துப்போகிறது, தாடையும்.

பேருந்து ஊருக்குள் நுழையும்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கிறது. அய்யனார் அவசரமாகச் சட்டைப்பையைத் துழாவி, காகிதத்தில் மடித்த பேரீச்சம்பழத்தை நீட்டுகிறான். “உனுக்குன்னு மத்தியானமே வாங்கி வெச்சேன். நோன்பு தொறடா. நீ துன்னப்பறம்தான் நாங்க தண்ணி குடிப்போம்.” அமீர் பொட்டணத்தை ஜன்னல் வழியே துப்பிவிட்டுப் பழத்தைக் கடிக்கிறான். பல்லில் படுவது பழமா உதடா என்று தெரியவில்லை. உள்ளங்கையில் துப்பிய கொட்டை சிவப்பாக இருக்கிறது. கையை மூடிக்கொள்கிறான்.

“இனிக்குதாடா?” என்கிறான் அய்யனார்.

அமீர் தலையாட்டுகிறான்.