பெயரில்லாத காக்கிச் சட்டை

ஆன்லைனில் துணி விற்கும் வியாபாரி ஒருவரின் குடோனில் ஒரு போலீஸ் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதன் நெஞ்சில் பெயர் பொறிக்காத பேட்ஜ் ஒன்று குத்தியிருந்தது. அடையாள அட்டை காட்டாதவர்களுக்குக் காக்கி விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது வியாபாரி அசரவில்லை. பெட்டியின் மேல் ‘மாறுவேடப் போட்டி உடை’ என்று புதுச் சீட்டு ஒட்டிவிட்டார்.

சட்டைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “யாரோ ஒரு குழந்தை என்னைப் போட்டுக்கிட்டு மேடையில சல்யூட் அடிக்கப் போகுது!”

“உன் சைஸ் நாற்பத்திரண்டு,” என்றது பேட்ஜ். “எந்தக் குழந்தைக்குச் சேரும்?”

பேட்ஜ் சொன்னதுதான் சரி. வாங்கியவன் வளர்ந்த ஆள். சட்டையைப் போட்டுக்கொண்டு, நல்ல வெயில் நேரத்தில், ரெஜினா என்ற பெண் தனியாக இருந்த வீட்டு வாசலில் போய் நின்றான். அவன் நெஞ்சு படபடக்கவே இல்லை. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி நிதானமாக அடித்தது. அது சட்டைக்கு மட்டும்தான் தெரிந்தது. சட்டை நடுங்கியது.

ஜன்னல் வழியே காக்கியைக் கண்ட ரெஜினா, அவசரமாக வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“தாழ்ப்பாளே, நகராதே!” என்று அலறியது சட்டை. “முதல்ல இவன் முகத்தைப் பாரு!”

“பால்காரர் வந்தாக்கூட முகத்தைப் பார்த்துட்டுத்தான் திறப்போம்,” என்றது தாழ்ப்பாள் பணிவாக. “உங்களைப் போய் எப்படிங்க ஐயா அப்படிப் பார்க்கிறது?” என்றபடி விலகிக்கொண்டது.

உள்ளே வந்தவன் அதே தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டான்.