மலையில் கேட்ட பெயர்

"திரும்பாதீங்கண்ணே. ஓடிக்கிட்டே இருங்க."

திரும்பப்போன கழுத்தை முருகப்பன் அப்படியே நிறுத்தினார். பின்னால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

"முருகப்பன்..."

"தம்பி, அது என் வீட்டுக்காரி குரல் மாதிரியே இருக்கு."

"மாதிரிதான். காட்டுல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? பினாங்கு மலையில் ஏறுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காட்டில் பெயரே எடுக்கக் கூடாது என்றுதான் இந்த நீலச் சட்டைத் தம்பியிடம் அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டைத் தாண்டி, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவர் திருதிருவென்று விழித்தபோது, "வாங்கண்ணே, எனக்கு வழி தெரியும்லா" என்று தானாக வந்து சேர்ந்துகொண்டவன்.

பிப்ரவரியில் ஜப்பானில், பனியில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டால் கேட்கட்டும். ஆனால் பினாங்கில் குளிருக்கு எங்கே போவது? டிசம்பர் மழையில் இந்த மலைதான் கதி. கீழே டத்தோ கிராமாட்டில் நாலு தெரு ஓடினால் சட்டையைப் பிழியலாம். இங்கே வியர்வையே இல்லை. மூச்சு லேசாக இருந்தது, கால்கள் தாமாகப் போயின. ஈரமான ஷூவுக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்பதுதான் தெரியவில்லை. பாசி படிந்த ஒவ்வொரு கல்லும் ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது.

"சுகமா இருக்குல்ல?" என்றான் தம்பி. அவனுக்கு மூச்சே வாங்கவில்லை.

"சுகம்தான். நிறுத்தவே தோணல. ஆனா எட்டு மணிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும் தம்பி. இன்னைக்கு என் மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. லேட்டாப் போனா அவ மூஞ்சியில முழிக்க முடியாது."

"இதோ, இந்த வளைவைத் தாண்டினா இறக்கம்தான்."

போன வளைவிலும் இதையேதான் சொன்னான். முருகப்பன் முகவாயைத் தேய்த்துக்கொண்டார். காலையில் சவரம் செய்த முகம், சொரசொரவென்று உள்ளங்கையில் குத்தியது.

"முருகப்பன்... வந்துடுங்க... வீட்டுக்குப் போகலாம்..."

இந்த முறை குரல் கிட்டத்தில் கேட்டது. அழுகிற குரல். அவர் கால்கள் தயங்கின.

"அவதான் தம்பி. முத்தம்மைதான். அழறா."

தம்பி சட்டென்று அவர் கையைப் பிடித்தான். மலைத் தண்ணீரில் கை விட்டது போலிருந்தது.

"ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்கண்ணே. அக்கா உங்களை வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஏங்கன்னுதான்."

"பேரைச் சொல்லி?"

"எங்கள்ல பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. பிரசவத்துக்குப் போனப்ப, புருஷன் பேர் என்னன்னு நர்ஸ் கேட்டதுக்குக்கூட வாயைத் திறக்காம என் ஐசி அடையாளக் கார்டை எடுத்து நீட்டினா."

"அப்ப பின்னால கூப்பிடறது யாரு?"

முருகப்பன், எவ்வளவு பெரிய தப்பு செய்யப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார். தம்பியின் கையை இறுகப் பிடித்தபடி மூட்டத்துக்குள் வேகமெடுத்தார்.

சற்றுக் கீழே, சேற்றில் வழுக்கி விழுந்த முத்தம்மையைத் தேடுதல் குழுவின் மோகனராஜ் கைகொடுத்துத் தூக்கினார்.

"அவர்தானா அக்கா? நல்லாப் பார்த்தீங்களா?"

"அவரேதான். அதே மஞ்சச் சட்டை. பொண்ணு பார்க்க வந்தவங்க திரும்பிப் போயே மூணு நாளாச்சு. பச்சைத் தண்ணி பல்லுல படாம இந்த மனுஷன் எப்படி ஓடறாரு?"

"கூட யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல. தனியாத்தான் ஓடறாரு. ஆனா ஒரு கையை மட்டும், யாரோ பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு."

மோகனராஜ் மூட்டத்துக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவை கூப்பிடுங்க அக்கா" என்றார்.

முத்தம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தேடற ஆளுங்க இத்தனை பேர் இருக்கையில, ஏங்கன்னு கூப்பிட்டா யாரைன்னு தெரியாது, பேரைச் சொல்லுங்கன்னு நீங்க சொன்னீங்க. இருபத்தெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் தம்பி அவர் பேரை என் வாயால சொல்றேன். சொல்லச் சொல்ல, இன்னும் வேகமால்ல ஓடறாரு."