எதிர்முகமாக நின்ற கார்

மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் மாஸ்டர் காரைத் தப்பான திசை பார்த்து நிறுத்தினார்.

தெரிந்தேதான் நிறுத்தினார். சாலையைக் குறுக்கே கடந்து, எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்த முகமாக. அங்கே ஏற்கெனவே ஒரு சரக்கு வேன் நின்றிருந்தது. அதன் மூக்கோடு மூக்கு ஒட்டினாற்போலக் காரைக் கொண்டுபோய்ச் செருகினார்.

இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அவர். இப்படி நிறுத்தக்கூடாது என்பது அவருடைய மூன்றாம் நாள் பாடம்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். கதவைத் திறக்குமுன் முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை. அதுவும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது இது நான்காவது நாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார். அவரை ரயிலுக்குக் கொண்டுபோய் விட நானே காரை எடுக்கிறேன் என்று அவள் சாவியைக் கையில் எடுத்தாள். "இவ ஓட்டினா காருக்கே காய்ச்சல் வந்துடும்" என்றார் மாஸ்டர். மச்சான் சிரித்தார். மச்சான் மனைவி சிரித்தாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சாப்பாடு மேசைக்கு வந்தது. சட்டை மடிப்புக் கலையாமல் அலமாரிக்கு வந்தது. சாவி எங்கே என்று கேட்டால், சாவியே வந்து மடியில் விழுந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்டும் பார்த்தார். டிவியின் சத்தம் கூடியது.

இப்போது புதுக் கண்ணாடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண் மாதிரி இருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றார்.

சீட் பெல்ட் 'டக்' என்று மாட்டிக்கொண்டது. அதுதான் பதில்.

மாஸ்டர் வண்டியைக் கிளப்பினார். இண்டிகேட்டரைப் போட்டார். அவர் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் வேனின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதைத் தாண்டி என்ன வருகிறது என்பது சாலைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத்தான் தெரியும்.

அவர் காத்திருந்தார். அவள் வேனின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். டிராபிக் போலீஸ்காரர், கையில் அபராத ரசீதுப் புத்தகம்.

"மாஸ்டர்! நீங்களா?"

ஆறு வருடத்துக்கு முன் அவரிடம் கற்றுக்கொண்டவன். இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறியவன். சங்கடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்கதானே மாஸ்டர் சொல்லுவீங்க? இப்படி நிறுத்தினா ராத்திரியில பின்னாடி இருக்கிற சிவப்பு விளக்கு எதிரே வர்றவங்களுக்குத் தெரியாதுன்னு? திரும்ப எடுக்கும்போது நாம குருடு, பக்கத்துல இருக்கிறவங்கதான் நமக்குக் கண்ணுன்னு?"

"சொல்லியிருக்கேன்" என்றார் மாஸ்டர்.

"சரி, போகட்டும். உங்களுக்குப் போய் நான் எழுதறதா..."

"எழுதுங்க தம்பி" என்றாள் மனைவி.

நாலு நாளில் முதல் வார்த்தை. அவரிடம் சொன்னதல்ல. இருந்தாலும் குரல் அதே குரல்தானே. மாஸ்டர் சந்தோஷமாக ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போலீஸ்காரனுக்கு மனசு கேட்கவில்லை. "இருங்க மாஸ்டர், நான் வண்டிங்களை நிறுத்திக் குடுக்கறேன். நீங்க பாட்டுக்கு எடுங்க" என்று சாலையில் இறங்கிக் கையைத் தூக்கினான்.

"வேண்டாம்ப்பா!"

கத்தியேவிட்டார். பிறகு மெதுவாக, "வேண்டாம். அவங்க சொல்லுவாங்க" என்றார்.

போலீஸ்காரன் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவனுக்கும் கல்யாணமாகியிருந்தது. தூக்கிய கையால் தலையைச் சொறிந்தபடி நடந்துவிட்டான்.

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். ஒரு பஸ் போனது. இரண்டு பைக்குகள் போயின. ஒரு சைக்கிள், அவசரமே இல்லாமல்.

"வாங்க."

அவர் எடுத்தார். வீடு போய்ச் சேருவதற்குள் இன்னும் நிறைய வார்த்தைகள் கிடைத்தன. எல்லாம் திட்டுதான்.

அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறைப் பலகையில் அந்த ரசீது இருந்தது. சாலைக் குறிகள் அட்டவணைக்குப் பக்கத்தில், நான்கு மூலைக்கும் குண்டூசி குத்தி. சட்டைப்பையிலிருந்து எடுத்துப்போய் மாட்டியவள் மனைவி. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அதையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை பேச்சை நிறுத்தியது மாஸ்டர்.

மூன்றாம் நாள் சாயங்காலம், "கண்ணாடியில திருகு லூசாயிடுச்சு, கடைக்குப் போகணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மனைவி போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பக்கத்தில் ஏறினார். வழியெல்லாம் அவருடைய கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடியது. தேவைப்படவேயில்லை. காருக்குக் காய்ச்சலும் வரவில்லை.

கடை வாசலில் அதே சரக்கு வேன். அவள் இண்டிகேட்டரைப் போட்டு, சாலையைக் குறுக்கே கடந்து, மூக்கோடு மூக்காகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இறங்கவில்லை. வண்டியை அணைக்கவுமில்லை. கிளம்புவதற்கான இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வேனின் நம்பர் பிளேட்டைப் படிக்க ஆரம்பித்தாள்.

மாஸ்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. தெருக்கோடியில் போலீஸ்காரன் மட்டும் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தபடி வந்துகொண்டிருந்தான்.

'வா' என்று ஒரே ஒரு வார்த்தைதான். தொண்டை வரை வந்துவிட்டது.

அவன் வந்து சேரட்டும் என்று மாஸ்டர் அதைப் பிடித்துவைத்துக்கொண்டார். பலகையில் அந்த ரசீதுக்குப் பக்கத்தில் இன்னொன்றுக்கு இடமிருந்தது.