மாமனாரை முந்தாத மாப்பிள்ளை

"ஜெயிச்சா தனிக்குடித்தனம் போய்க்கோங்க. தோத்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா மாப்பிள்ளே?"

அச்சக முதலாளி கேட்டது கூடத்தில். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் காதில் விழுந்தது அவள் வீட்டு வாசலில். நாள் முழுக்க மெஷின் சத்தத்தோடு மல்லுக்கட்டிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே பொதுச்சொத்து.

"சரிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட மாமனார் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் சைக்கிள் போட்டி. அதற்கென்றே மாமனார் புது சைக்கிள் இறக்கியிருந்தார். பின்சக்கரத்தில் கம்பியே தெரியாது, தாம்பாளம் மாதிரி மூடிக் கிடக்கும். முழங்கையை ஊன்றிப் படுத்த வாக்கில் ஓட்டலாம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம்.

"காத்தைக் கிழிக்கும், சரி. மலையை யாருப்பா கிழிப்பா? தூக்கிப் பார்த்தா மாவு மூட்டை கனம் கனக்குது" என்றாள் மகள்.

"உன் புருஷனோட நோஞ்சான் சைக்கிளுக்கு இது எவ்வளவோ மேல். போடி!"

மாடி அறைக்கு வந்ததும் அவள் அந்த நோஞ்சானை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு லேசா இருக்கே! இறக்கத்துல அப்பா பறந்துடுவாரே?"

"பறக்கட்டும். இறக்கம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். மேடுதான் முடியவே முடியாது. அங்கதான் அழுத்தி மிதிக்கணும். இறக்கத்துல குனிஞ்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கலாம்."

அவர் வாயிலிருந்து இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் வந்ததை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"நான் வீடே பார்த்து வெச்சுட்டேன். தோத்துட்டு மட்டும் வந்தீங்க, நான் ஒருத்தியாவது தனிக்குடித்தனம் போயிடுவேன், ஆமா!"

ஞாயிறு காலை தெருவில் பாதி மலையுச்சியில்தான் இருந்தது. சைக்கிள்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். தையல்காரம்மா நல்ல இடமாகப் பார்த்துக் கட்டைச்சுவர் மேல் ஏறி நின்றிருந்தாள்.

"வராங்க, வராங்க! முன்னாடி முதலாளி! பின்னாடி... வேற யாரு, மாப்பிள்ளைதான்!"

மாமனாருக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தாம்பாளச் சக்கரம் அப்படியும் இப்படியும் ஆடியது. அடிவாரத்திலேயே வீரத்தையெல்லாம் காட்டித் தீர்த்தவரின் கோலம் அது. கொஞ்சம் தள்ளிப் பின்னால் மாப்பிள்ளை, காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார்.

"மிதிங்க! முந்துங்க! என்னங்க, உங்களைத்தான்!" மகள் தொண்டை கிழியக் கத்தினாள்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். வேகம் மட்டும் கூடவில்லை.

"வீட்லயும் பின்னாடி, ரோட்லயும் பின்னாடி" என்றாள் தையல்காரம்மா, நாலு பேருக்குக் கேட்கும்படி.

மாமனார் முடிவுக் கோட்டைத் தாண்டிப் புல்லில் பொத்தென்று விழுந்தார். படுத்தபடியே இரண்டு கையையும் உயர்த்தினார். "தனிக்குடித்தனமாம், தனிக்குடித்தனம்! மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சுத் தரேன், போதுமா?"

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் கடிகாரம் தொங்க வந்த நடுவர், மாமனாரைத் தாண்டிப் போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோவ், கண்ணு தெரியலையா? நான்தானே முன்னாடி வந்தேன்!"

"வந்தீங்க சார். ஆனா கீழே உங்களை அனுப்பி ஒரு நிமிஷம் கழிச்சுத்தானே இவரை அனுப்பினோம்? இதுல யாரு முன்னாடி வந்தாங்கன்னு பார்க்கிறதில்லை, ஆளுக்குத் தனித்தனியா நேரம். உங்க பின்னாடியே வந்து நிக்கிறாருன்னா, உங்களைவிட ஏறக்குறைய ஒரு நிமிஷம் கம்மி."

மாமனார் எழுந்து உட்கார்ந்து நடுவரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

"முழு நிமிஷத்துக்கு மேலயே கம்மியா வந்திருக்கும் மாமா" என்றார் மாப்பிள்ளை பணிவாக. "உங்களை முந்துறது மரியாதையா இருக்காதேன்னு, கடைசி மேட்டுல பிரேக் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."